நாலு ட்யூப் ஆயில் கலரும் பெரியப்பாவின் முகமும்: ஆறு மாதம் வரைந்து பார்த்ததில்

ஆயில் கலரில் முகம் வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் யாராவது 24 நிறப் பெட்டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், வேண்டாம், அதே காசில் நாலு நல்ல ட்யூப் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், காட்மியம் ரெட் லைட், ஐவரி பிளாக். நீலம் கிடையாது, பச்சை கிடையாது, எலுமிச்சை மஞ்சள் கிடையாது. இந்த நாலை மட்டும் வைத்துக்கொண்டு தை மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வரைகிறேன். இதுவரை பதினொரு முகம் ஆகியிருக்கிறது, அதில் பாதி சுமார், இரண்டு எனக்கே பிடித்த மாதிரி வந்திருக்கிறது, கடைசியாகப் போட்ட பெரியப்பாவின் படம்தான் இதை எழுத உட்கார வைத்தது.

கம்பெனி பெயர் எதுவும் போடவில்லை, காரணம் இருக்கிறது. என்னிடம் உள்ள நாலு ட்யூப்பும் மூன்று வெவ்வேறு கம்பெனியுடையவை, முன்பக்கம் எழுதியிருக்கும் நிறத்தின் பெயரை நம்பி வாங்கினால் ஏமாறுவோம் என்பதைத்தான் நான் முதலில் கற்றுக்கொண்டேன். ட்யூப்பின் முதுகில் பொடி எழுத்தில் நிறமியின், அதாவது உள்ளே நிறம் தரும் பொடியின், குறியீடு இருக்கும். வெள்ளைக்கு பி.டபிள்யூ. 6, மஞ்சளுக்கு பி.ஒய். 43 அல்லது 42, சிவப்புக்கு பி.ஆர். 108, கறுப்புக்கு பி.பி.கே. 9. இந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் எந்தக் கம்பெனி என்பது அடுத்த கேள்வி. ‘காட்மியம் ரெட்’ என்பதற்குப் பக்கத்தில் ‘ஹ்யூ’ என்று ஒரு சின்னச் சொல் ஒட்டியிருந்தால் உள்ளே காட்மியம் இல்லை, அதன் சாயலில் செய்த வேறு நிறமி என்று அர்த்தம். அது மோசம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் கலக்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதைத் தெரிந்து வாங்க வேண்டும். இதற்கு முன் நான் வாங்கிய பெட்டியில் ஒரு ட்யூப்பிலும் எண் இல்லை. அதிலிருந்த சிவப்பில் போட்ட ஒரு படத்தை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன், ஒன்றரை வருடத்தில் உதடு வெளுத்து சோகை பிடித்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. வரைந்து கொடுத்தது ஒரு நண்பனின் அம்மாவை, அவன் எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

இந்த நாலு நிறக் கூட்டுக்கு ஸோர்ன் பேலட் என்று பெயர். ஆண்டர்ஸ் ஸோர்ன் ஸ்வீடன்காரர், 1860ல் மோரா என்ற ஊரில் பிறந்து 1920ல் அங்கேயே இறந்தவர். வெகுகாலம் வாட்டர்கலரில்தான் பேர் வாங்கினார், 1880களின் கடைசியில்தான் ஆயிலுக்கு வந்தார். 1896ல் அவர் தன்னையே வரைந்த படம் ஸ்டாக்ஹோமில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் கையில் ஏந்தியிருக்கும் கலர் கலக்கும் பலகையில் வெள்ளை, மஞ்சள் மண், சிவப்பு, கறுப்பு, அவ்வளவுதான். இதை வைத்து அவர் வாழ்நாள் முழுக்க நாலு நிறத்தோடு நின்றுவிட்டார் என்று நினைக்கக் கூடாது, தண்ணீரையும் வெளிப்புறக் காட்சிகளையும் வரைந்த படங்களில் நீலமும் பச்சையும் தாராளமாகவே இருக்கிறது. முகம் என்று வரும்போது இந்த நாலு அவருக்குப் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான் சங்கதி.

யோசனையும் அவருடையது அல்ல, ரொம்பப் பழசு. கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் நாலே நிறத்தில் வரைந்தார் என்று ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்: மேலோஸ் தீவு வெள்ளை, ஆட்டிகாவின் மஞ்சள் மண், சினோப்பிலிருந்து வந்த சிவப்பு மண், அப்புறம் கறுப்பு. எங்கள் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் படங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார் அல்லவா, அந்தப் படங்களின் நகல்களைப் பார்த்தாலும் கண்ணுக்கு முதலில் படுவது காவியும் மஞ்சளும் கறுப்புக் கோடும் சுண்ணாம்பு வெள்ளையும்தான். ஆயிலும் சுண்ணாம்புச் சுவரும் வேறு வேறு வித்தை, இருந்தாலும் முகத்துக்குத் தேவையான நிறம் மண்ணிலேயே கிடைக்கிறது என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்தும் வந்தது.

ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. இந்த பேலட்டை வைத்து வரைந்து காட்டும் வீடியோக்களில் முக்கால்வாசி வெள்ளைக்காரர் முகங்கள். கன்னத்தில் ரோஸ், நெற்றியில் இளமஞ்சள், நிழலில் சாம்பல். வெள்ளையில் கொஞ்சம் மஞ்சளும் துளி சிவப்பும் கலந்தால் அந்தத் தோல் வந்துவிடுகிறது. வெயிலில் நின்ற நம் ஊர்க் கறுத்த முகத்துக்கு இது ஒத்துவருமா? முதல் நாலைந்து படங்களில் ஒத்துவரவில்லை. எல்லா முகமும் விபூதி பூசி அழித்த மாதிரி, சாம்பல் பூத்து, சுண்ணாம்படித்தது போலத்தான் வந்தது. ஐந்தாவது ட்யூப்பாக பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வாங்கலாமா, இல்லை பிரௌன் ட்யூப் ஒன்று வாங்கலாமா என்று கடைக்கே போய் நின்றேன். வாங்காமல் திரும்பியது நல்லதாகப் போயிற்று.

பெரியப்பாவுக்கு 74 வயது. வயலிலேயே வாழ்ந்த உடம்பு, நல்ல கறுப்பு, மூன்று நாள் வெள்ளைத் தாடி, தோளில் வெளுத்த துண்டு, வெற்றிலை போட்ட வாய். கூடத்தில் கிழக்கு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தேன். பலகையில் நாலு குவியலைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, நாலு கலர வச்சிக்கிட்டு என்னத்தப் போடுவே, காசு பத்தலன்னா சொல்லு, நான் தாரேன்” என்றார். “இல்ல பெரியப்பா, இது போதும், நீங்க மட்டும் அசையாம இருங்க” என்றேன். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை, நடுவில் இரண்டு முறை காபி. மறுவாரமும் அதே நேரம், அதே ஜன்னல்.

இங்கேதான் டோன் என்ற விஷயம் வருகிறது. நிறத்தை மறந்துவிட்டு ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று மட்டும் பார்ப்பதுதான் டோன். கறுப்பை 1 என்றும் வெள்ளையை 9 என்றும் வைத்து நடுவில் ஏழு படி சாம்பல் கலந்து ஓர் அட்டையில் கட்டம் கட்டமாகப் பூசி வைத்திருக்கிறேன். அரைக்கண்ணாகப் பார்த்தால் சின்ன விவரமெல்லாம் மறைந்து பெரிய பெரிய திட்டாகத் தெரியும், அந்தத் திட்டு ஒவ்வொன்றும் அட்டையில் எத்தனையாவது கட்டம் என்று பொருத்திப் பார்ப்பேன். பெரியப்பாவை அப்படிப் பார்த்தபோதுதான் முந்தைய முகங்கள் ஏன் சாம்பல் பூத்தன என்று புரிந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் கன்னமே 4தான். நிழல் பக்கம் 2. துண்டின் வெளிச்சப் பக்கம் 9, அதில் சந்தேகமில்லை, ஆனால் துண்டின் நிழல் மடிப்பு 5. அதாவது துண்டின் நிழல்கூட முகத்தின் வெளிச்சத்தைவிட வெளுப்பு! கண் இதை ஒப்புக்கொள்ளவே மறுக்கிறது, ஏனென்றால் ‘முகத்தில் வெளிச்சம்’ என்று மூளை சொன்னதும் கை தானாக வெள்ளை ட்யூப்புக்குப் போகிறது. நான் இத்தனை நாள் 4ல் இருக்க வேண்டிய கன்னத்தை 6க்குத் தூக்கி, அதைத் தூக்க வெள்ளையைக் கொட்டி, வெள்ளை உள்ளே போனதும் நிறம் செத்து, செத்த நிறத்துக்கு உயிர் கொடுக்க மேலும் சிவப்பைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, ட்யூப்களுக்கு வருகிறேன்.

வெள்ளை. ஸோர்ன் காலத்தில் டைட்டானியம் ஒயிட் கிடையாது, அது ஓவியர்கள் கைக்கு வந்தது 1920களில்தான். அவர் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது கொஞ்சம் வெதுவெதுப்பான, அதாவது மஞ்சள் சாய்ந்த வெள்ளை, மற்ற நிறத்தை அவ்வளவு சீக்கிரம் அமுக்காது, ஆனால் விஷம், அதனால் நான் தொடவில்லை. டைட்டானியம் பலசாலி, குளிர்ந்த, அதாவது நீலம் சாய்ந்த வெள்ளை, கடுகளவு போனாலும் கலவையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஸோர்ன் பேலட் என்று நினைத்து நாம் வாங்குகிற நாலில் அவருடைய நாலுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். வீடியோவில் சொல்கிற அளவில் பாதிக்கும் குறைவாக எடுங்கள். முகத்தின் பெரும்பகுதிக்கு நான் வெள்ளையே சேர்க்கவில்லை. ஆனாலும் ட்யூப் காலியாவதில் இதுதான் முதலிடம், பின்னணி, துண்டு, வேட்டி எல்லாம் இதைத்தான் குடிக்கிறது, பெரிய ட்யூப்பாக வாங்கிவிடுங்கள். ஜிங்க் ஒயிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதற்குப் போக வேண்டாம், காய்ந்தபின் நொறுங்குகிற குணம் அதற்கு உண்டு.

எல்லோ ஓக்கர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, கெடாது, வெளிச்சத்தில் வெளுக்காது, எந்த நல்ல கம்பெனியுடையதும் ஏறக்குறைய ஒன்று போலத்தான். மஞ்சள் பூசிக் குளித்த அத்தையின் முகத்துக்கு இதுவும் துளி வெள்ளையும் போதுமாக இருந்தது. கறுப்போடு சேர்ந்தால் ஆலிவ் பச்சை கொடுக்கும், இந்த பேலட்டில் உள்ள ஒரே பச்சை அதுதான், வாடிய வாழை இலை நிறம், தளிர் நிறம் வராது.

சிவப்பில்தான் காசு போகும். மற்ற மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட நல்ல காட்மியம் ரெட் லைட் ஒன்றுக்கே அதிகம் கொடுத்தேன், கொடுக்கும்போது கை நடுங்கியது உண்மை. ஸோர்ன் பயன்படுத்தியது வெர்மிலியன், அதாவது நம் சாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. அது சில சமயம் வெளிச்சத்தில் கறுத்துப் போகும், பாதரசம் என்பதால் விஷமும்கூட. அந்த ஆரஞ்சு சாய்ந்த சிவப்புக்குக் கிட்டத்தில் வருவது காட்மியம் ரெட் லைட். ‘லைட்’ என்று போட்டதைப் பாருங்கள், ‘டீப்’ வாங்கினால் முகம் மாதுளைச் சாறு கொட்டினது மாதிரி ஆகிவிடும். இதன் அருமை தெரிவது கறுப்போடு கலக்கும்போதுதான். பட்டாணி அளவு சிவப்பில் அதில் பாதி கறுப்பைப் போட்டால் கருங்காலிக் கட்டை நிறம் வருகிறது, ஆழமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. நான் கடையில் தேடிப்போன பிரௌன் ட்யூப் இதற்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆறு மாதத்தில் 37 மில்லி ட்யூப்பில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம், அந்தக் கணக்கில் விலை அவ்வளவு உறுத்தவில்லை.

ஐவரி பிளாக். எனக்கு மிகப் பிடித்த ட்யூப், அதிகம் படுத்திய ட்யூப்பும் இதுவே. பெயரில்தான் தந்தம், இப்போது எலும்பைக் காற்றுப் படாமல் எரித்த கரியிலிருந்து செய்கிறார்கள். கறுப்பு தானே என்று அலட்சியமாக நினைத்தேன். இதில் வெள்ளையைக் கலந்து, சுற்றிலும் மஞ்சளும் சிவப்பும் உள்ள இடத்தில் ஒரு தீற்று வைத்துப் பாருங்கள், அது நீலமாகத் தெரிகிறது. அதே கலவையை வெள்ளைத் தாளில் தடவினால் வெறும் சாம்பல். இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்து, பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை 1839ல் விரிவாக எழுதினார். நாலு நிறத்தில் படம் போடுவதே இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான். பெரியப்பாவின் நெற்றியில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கி விழும் இடம் இருக்கிறதே, எண்ணெய் தடவின கறுத்த தோலில் வானத்தின் வெளிச்சம் பட்டு லேசாக நீலம் பாரித்து மின்னும், அந்த மினுக்கு கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்த ஒரே ஒரு சாம்பல் தீற்றுதான். 7ல் வைத்தேன். வைத்ததும் முகம் ஈரமாகி, உருண்டையாகி, அவராகிவிட்டது. நான் ப்ரஷைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

வெள்ளைத் தோலில் இந்த மினுக்கு இவ்வளவு தூக்கலாக இருக்காது, ஏனென்றால் தோலே 7ல் இருக்கும், மினுக்கு 9, வித்தியாசம் இரண்டு படிதான். கறுத்த தோலில் 4லிருந்து 7க்குத் தாவுகிறது. அதனால் ஸ்வீடன்காரர் பேலட் நம் முகத்துக்கு ஒத்துவருமா என்ற என் சந்தேகத்துக்கு இப்போது என் பதில், ஒத்துவருகிறது, இன்னும் ஒரு படி நன்றாகவே ஒத்துவருகிறது. சிவப்பு-கறுப்புக் கலவைதான் இந்த பேலட்டில் இருப்பதிலேயே ஆழமான நிறம், வெளுத்த முகம் வரைபவர்கள் அதைத் தலைமுடிக்கும் கோட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள், நாம் அதைக் கன்னத்திலேயே வைக்கிறோம்.

எப்படிப் போட்டேன் என்று கேட்பவர்களுக்காக. கான்வாஸ் போர்டு, 12க்கு 16 அங்குலம். வெறும் வெள்ளை போர்டில் நேராக ஆரம்பித்தால் டோன் எதுவும் பிடிபடாது, முதலில் வைக்கும் எந்த நிறமும் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் ஓக்கரில் கொஞ்சம் கறுப்பு சேர்த்து டர்பென்டைனில் தண்ணீராகக் கரைத்துப் பூசித் துடைத்து, 5வது கட்டம் அளவுக்கு ஒரு மங்கல் அடிப்பூச்சு செய்து முந்தின நாளே காயவைத்தேன். மேலே சிவப்பும் கறுப்பும் கலந்த மெல்லிய கலவையில் நிழல் திட்டுகளை மட்டும் போட்டேன். கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாகப் போடவில்லை, கண்குழி, மூக்கின் ஓரம், கன்னம், கழுத்து எல்லாம் சேர்ந்து ஒரே நிழல், அதை ஒரே திட்டாக. அப்புறம் வெளிச்சப் பக்கத்துக்கு ஓக்கர் இரண்டு பங்கு, சிவப்பு ஒரு பங்கு, கறுப்பு அரைப் பங்கு, வெள்ளை இல்லவே இல்லை. கலவை பச்சை தட்டினால் சிவப்பும், செங்கல் நிறம் தட்டினால் கறுப்பும் சேர்த்தேன். தாடைக்குக் கீழே துண்டின் வெளிச்சம் மேல்நோக்கி எகிறி விழும் இடத்தில் சாம்பலில் ஓக்கர் சேர்த்து 3. அது நிழலுக்குள்ளே இருக்கிற வெளிச்சம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் 4ஐத் தொடவிடக் கூடாது, தொட்டால் நிழல் உடைந்துவிடும். கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை, 5தான் இருக்கும். வெற்றிலைச் சிவப்பேறிய உதட்டில் மட்டும் காட்மியத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்தேன், சுற்றிலும் எல்லாம் அடங்கி இருப்பதால் அந்தத் துளி சிவப்பு அதிகப்பிரசங்கித்தனம் செய்யாமல் அழகாக உட்கார்ந்துகொண்டது. தாடி கடைசி. தோல் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த தட்டை ப்ரஷால் சாம்பலை இழுத்தேன், ஒவ்வொரு முடியாக இழுக்காதீர்கள், புகை மாதிரி இருக்க வேண்டும். அவ்வப்போது போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துக்கொண்டேன், அதில் முகம் தெரிந்தால் கலரிலும் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கறுப்பு காயாது. ஓக்கர் பூசின இடம் ஐந்தாறு நாளில் தொடும்படி ஆகிவிட்டது, கறுப்பு தடித்த இடம் மூன்றாவது வாரமும் விரலில் ஒட்டியது. அந்த நிறமி எண்ணெயை நிறையக் குடிக்கும், மெதுவாகத்தான் காயும். அதனால் அடித்தளத்தில் தடிமனாக ஐவரி பிளாக் வைத்து மேலே சீக்கிரம் காயும் நிறத்தைப் பூசாதீர்கள், பின்னால் வெடிக்கும். என் நாலாவது படத்தில் நெற்றியில் மெல்லிய கீறல் விட்டிருக்கிறது, காரணம் இதுதான். அடித்தளத்துக்கு பர்ன்ட் அம்பர் என்ற பிரௌன் வைத்தால் சீக்கிரம் காயும், அதில் மாங்கனீஸ் இருப்பதால். ஐந்தாவது ட்யூப் ஆகிறதே என்று தயங்க வேண்டாம், அதை அடித்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் இன்னொரு தொல்லை, ஈரப் படத்தில் புழுதி. முதல் படத்தைத் திண்ணையில் காயவைத்து மணல்தாள் ஆக்கிவிட்டேன். இப்போது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சாய்த்து வைக்கிறேன். பீரோவுக்குள் பூட்டி வைக்கலாமே என்றால், ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சள் பாரிக்கும், அதனால் மாதக்கணக்கில் உள்ளே போட்டு வைக்காதீர்கள். மறுபடி வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணி காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயவையுங்கள், இல்லை தண்ணீரில் நனைத்து மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். காட்மியம் இருக்கிற கையோடு முறுக்கு சாப்பிடாதீர்கள், காய்ந்த படத்தைத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

நிறத்தில் உள்ள குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எங்கே இடிக்கிறது என்று நம் வீட்டு உதாரணத்தில் சொல்கிறேன். குங்குமம் வருகிறது. மல்லிகை வருகிறது, அதன் நிழலைச் சாம்பலில் போட்டால் பச்சை தட்டின வெள்ளையாகக்கூடத் தெரிகிறது. கனகாம்பரம் கிட்டத்தில் வருகிறது, அந்தத் தீக்கொழுந்து ஆரஞ்சு வராது, ஓக்கர் அதை இழுத்து அடக்கிவிடும். ராணி கலர் சுடிதார் சுத்தமாக வரவில்லை, மாமா பெண்ணை அதில் உட்காரவைத்து இரண்டு ஞாயிறு வீணாயிற்று. சிவப்பும் வெள்ளையும் துளி கறுப்பும் சேர்த்தால் வருவது பழைய செங்கல்லின் ரோஸ்தான். நீலம் ஏமாற்று வேலை என்பதால் அளவோடு வரும், மங்கின நீலச் சட்டை, தூரத்து வானம், நரைத்த முடி இதற்கெல்லாம் கறுப்பு-வெள்ளைச் சாம்பலே போதும், சுற்றியுள்ளதை மட்டும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இது பொறுமைக்காரர்களின் பேலட் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையில் வேகம்தான் கூடியது. 24 ட்யூப் இருந்தபோது ஒவ்வொரு தீற்றுக்கும் எதை எடுப்பது என்று யோசித்து, எடுத்தது சரியில்லை என்று அதற்குமேல் இன்னொன்றைப் பூசி, பாதி நேரம் பலகையிலேயே போய்விடும். இப்போது கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு நாலே வழி. எல்லாக் கலவையிலும் அதே நாலு நிறம் ஓடுவதால் எது எதனோடும் சண்டை போடுவதில்லை, பின்னணியில் போட்ட மங்கல் பச்சைச் சாம்பலிலும் கன்னத்தில் இருக்கிற அதே ஓக்கரும் கறுப்பும்தான் இருக்கிறது, அதனால் ஆள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது, வெட்டி ஒட்டின மாதிரி இல்லை.

யார் வாங்கலாம் என்றால், பென்சிலில் முகம் ஓரளவு வரைய வந்து நிறத்துக்குப் போனதும் தடுமாறுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவர்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. பூ, கோலம், கோயில் திருவிழா, கடல் என்று வரைய ஆசைப்படுபவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம். கையில் காசு குறைவாக இருந்தால் வெள்ளை, மஞ்சள், கறுப்பு மூன்றையும் மாணவர் தரத்தில் எடுங்கள், தப்பில்லை, சிவப்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் ட்யூப் வந்ததும் மூடியைத் திறந்து கொஞ்சம் பிதுக்கிப் பாருங்கள். எனக்கு வந்த முதல் ஓக்கரில் எண்ணெய் தனியாகவும் மண் தனியாகவும் பிரிந்து வந்தது, திருப்பி அனுப்ப ஒரு வாரம் போராட வேண்டியிருந்தது. கொஞ்சம் எண்ணெய் மேலே நிற்பது சகஜம், பேலட் கத்தியால் கலந்துகொள்ளலாம், பாதி ட்யூப் எண்ணெயாக வந்தால்தான் கேள்வி கேளுங்கள்.

பெரியப்பா படத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கிட்டத்தில் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். “இவ்ளோ கறுப்பா இருக்கேனா” என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன், ஏற்கெனவே இரண்டு பேர் அப்படிக் கேட்டு ஒருவருக்கு நான் நிறத்தை ஏற்றிக் கொடுத்ததும் உண்டு, அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அவர் கேட்டது வேறு. “அந்த நெத்தியில மினுங்குதே, அது என்ன கலருப்பா?” கறுப்பும் வெள்ளையும்தான் பெரியப்பா என்றேன். நம்பவில்லை. பலகையிலேயே கலந்து காட்டினேன், அதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படம் இப்போது கூடத்தில், அவர் உட்கார்ந்த அதே ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது, கழுத்தோரம் கறுப்பு இன்னும் காயவில்லை. அடுத்து பெரியம்மா. கல்யாணத்துக்கு எடுத்த மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு உட்காருவேன் என்கிறார், அதனால் அல்ட்ரமரைன் நீல ட்யூப் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், பி.பி. 29 என்று எண்ணைப் பார்த்துத்தான்.